மூன்றாம் ஷிப்ட்

வாசலிலேயே செருப்பு மாற்றச் சொன்னார்கள்.
ஆறு பேருக்கும் பச்சை ரப்பர் செருப்பு.
தொக்தோசுன் ஐயாவின் குதிகால் மட்டும்
அதற்கு வெளியே நின்றபடி
பள்ளி முழுவதையும் பார்வையிட்டது.

நான் கால அட்டவணை போடுகிறவள்.
எங்கே போனாலும் எண்ணிவிடுவேன்.
காலணி அடுக்கில் நூற்று எண்பது பொந்துகள்,
பத்தொன்பதில் மட்டும் காலணி.
மற்றவர்கள் மைதானத்தில் இருப்பார்கள்
என்று நினைத்துக்கொண்டேன்.

ஹொக்கைடோவின் இந்தக் கடலோர ஊருக்கு
ஓஷிலிருந்து மூன்று விமானம், ஒரு ரயில்,
ஒரு படிவம். அதில் நான்கு கட்டங்கள்.
கண்டது. கற்றது. நம் நாட்டில் செய்யக்கூடியது.
நான்காவது, எப்போதும்போல, செலவு.

துணைத் தலைமையாசிரியர் குராமொச்சி
அறிவியல் கூடத்தைக் காட்டினார்.
ஒரு பையனுக்கு ஒரு நுண்ணோக்கி.
ஒரு பையன்தான் இருந்தான்.
புருல் அக்கா எழுதினாள்: தனிக் கவனம்.
அடிக்கோடும் போட்டாள்.

எங்களிடம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர், மூன்று ஷிப்ட்.
எள் போட்டால் எள் விழாது என்பது
அங்கே உவமை இல்லை, இடவசதி அறிக்கை.
காலைப் பிள்ளை எழுந்த பெஞ்சில்
மதியப் பிள்ளை உட்காரும்போது
மரத்தில் முந்தியவன் சூடு மிச்சமிருக்கும்.
ஜனவரியில் அதற்காகவே
இரண்டாம் ஷிப்ட் கேட்டு வரும் அம்மாக்களை
எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

மாடியில் ஏழு கதவுகள் பூட்டியிருந்தன.
உள்ளே என்ன, என்றேன்.
அய்சிரெக் மொழிபெயர்க்கத் தயங்கினாள்.
கேள்வி என்னவோ இரண்டே சொல்.
குராமொச்சி சாவியைத் தேடிய நேரம்
அதைவிட நீளம்.

அறையைக் காலடியால் அளந்தேன்.
ஒன்பதுக்கு ஏழு. கிழக்கு வெளிச்சம். ஹீட்டர்.
முப்பத்தாறு பேர்; நெருக்கினால் நாற்பத்து நான்கு.
மனதுக்குள் ஐந்து ஆ பிரிவை
பைகளோடு குடியேற்றி முடித்துவிட்டுத்தான்
பெஞ்சில் உட்கார்ந்தேன்.
பாவாடை வழியாக ஏறிய குளிர்
ஒரு நாளில் சேர்ந்த குளிர் இல்லை.

வரும் மார்ச்சில் மூடுகிறோம், என்றார்
சாவியிடம் சொல்வதைப்போல.

தொக்தோசுன் ஐயா பரிசுக்குக் கொண்டுவந்த
வெள்ளைக் கம்பளித் தொப்பியை
இப்போது கொடுப்பதா பிறகா என்று தெரியாமல்
விளிம்பைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.
புருல் அக்கா பேனாவை மூடினாள்.

மதிய உணவில் குராமொச்சி ஒன்று கேட்டார்.
பயணம் முழுக்க
எங்களிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி:
ஷிப்ட் மாறும்போது எப்படி இருக்கும்?

சொல்லிப் பார்த்தேன், வரவில்லை.
கைபேசியில் இருந்தது.
பன்னிரண்டு நாற்பது, கீழ்த் தாழ்வாரம்.
இன்னொரு படிக்கட்டு வேண்டும் என்று
மேலிடத்துக்கு அனுப்பிய புகாரின் இணைப்பு.
மேசைமேல் வைத்து அழுத்தினேன்.

அணை திறந்ததுபோல வந்தார்கள் என் பிள்ளைகள்.
கிண்ணங்களில் சூப் சிலிர்த்தது.
பத்தொன்பது பேரும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுச்
சுற்றி நின்றார்கள்.
குராமொச்சி கண்ணாடியைக் கழற்றினார்,
காதால் கேட்பதற்கு அது எதற்கு இடைஞ்சலோ.
முடிந்ததும், இன்னொரு முறை, என்றார்.

இரண்டாம் முறையில் ஒரு சிறுமி கேட்டாள்:
அந்தப் பையன் ஏன் அழுகிறான்?

எந்தப் பையன்?
ஐம்பது தடவையாவது ஓட்டியிருப்பேன் அந்தப் பதிவை,
அதிகாரிகளின் முன்னால், சத்தத்துக்குச் சாட்சியாக.
அய்சிரெக் காதோடு வைத்துக் கேட்டாள்.
பையைக் காணோம் என்கிறான்.

கிடைத்ததா?

ஐந்து நிர்வாகிகளும் என்னைப் பார்த்தார்கள்.
எண்ணத் தெரிந்தவள் நான்தானே.

திரும்பும் விமானத்தில் படிவத்தை எடுத்தேன்.
கற்றது என்ற கட்டத்தில்
சின்ன எழுத்தில், செலவு வரை வழிய எழுதினேன்:
இரண்டாம் ஷிப்ட். ஏழு வயது இருக்கலாம்.
பை என்ன நிறம் என்று விசாரிக்க வேண்டும்.